மைக்கைக் கீழே வை, தம்பி



தென்காசிப் பக்கத்து மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி நடத்தப் போகிறாய். கூட்டம் தூங்காமல் இருக்க என்ன விளையாட்டு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். விளையாட்டே வேண்டாம் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாகக் கம்பன் பாட்டில் தோய்ந்த ரசிகமணி டி.கே.சி.யைக் கூப்பிடுகிறேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் 1920-களில் கூடத் தொடங்கியது வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம். வக்கீல், அரசு அலுவலர், ஆங்கிலப் பேராசிரியர் என்று பலதரப்பட்டவர்கள் வந்தார்கள். பிறகு அவர் குற்றாலத்தில் குடியேறியதும் ராஜாஜியும் கல்கியும் அங்கே தேடி வந்தார்கள். நடந்தது இவ்வளவுதான்: ஒரு கம்பன் பாட்டு. அதை அவர் நிறுத்தி, நிதானமாக, திரும்பத் திரும்பச் சொல்வார். ஒரே பொருளை அத்தனை நேரம் நடுவில் வைத்தால் யாருக்கும் அதில் ஏதாவது பிடிபடும். நாமோ மதியத்துக்குள் ஐம்பது ஸ்லைடு ஓட்டிவிட்டு, தூக்கம் கலைக்கக் கைதட்டச் சொல்கிறோம்.

வட்டத்தொட்டிக்காரர்கள் ரசிகர்கள், விரும்பி வந்தவர்கள். என்னிடம் வருகிறவர்களை ஆள் கணக்குக்காக அனுப்புகிறார்களே என்பாய். நியாயம்தான். அதிலும் சாரல் காலத்தில் குற்றாலத்தில் பயிற்சி என்றால் பாதி மனசு ஐந்தருவியில் இருக்கும் (காலையிலேயே குளித்துவிட்டு வரட்டும், பத்தரைக்குத் தொடங்கு). ஆனால் கட்டாயத்தில் வந்தவர்களுக்கும் அவரவர் தொழில் தெரியும். கணக்கெழுதும் பயிற்சியா? பெயரை மறைத்து, வரவும் செலவும் இடிக்கிற ஒரு ரொக்கப் புத்தகப் பக்கத்தை நகலெடு. ஜமுக்காளத்தில் நாலு நாலு பேராக உட்காரட்டும். “இந்த நூற்றைம்பது ரூபாய் எங்கே போச்சு?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அமைதி சங்கடமாக இருக்கும். அதை நீ பேசி நிரப்பாதே. யாராவது ஒருத்தி ரசீது தேதியைக் காட்டுவாள், இன்னொருத்தி மறுப்பாள். பாடம் அங்கேதான் நடக்கும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வட்டத்தின் நடுவில் டி.கே.சி.யேதான் இருந்தார், தீர்ப்பும் அவருடையதே. தம் ரசனைக்கு ஒவ்வாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், சொற்களையும் திருத்தினார். புலவர்கள் சண்டைக்கு வந்தார்கள். என் கணிப்பில் அவர்கள் பக்கமே நியாயம். ஆகவே அவருடைய நிதானத்தை எடுத்துக்கொள், தீர்ப்பை விட்டுவிடு. விடை உனக்குத் தெரிந்தாலும் கடைசிக் குழு பேசி முடிக்கும்வரை சொல்லாதே. தலைப்புகள் எல்லாம் முடிந்தனவா என்று மேலிடம் கேட்டால், பெண்கள் பேனாவால் திருத்திய அந்த நகல்களையே அறிக்கையோடு சேர்த்து அனுப்பு.