இடைநடுவில் வேலையை நிறுத்துவதாயின் எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும்?



முன்பெல்லாம் கடைக்குள்ளேயே ஒரு கணக்கப்பிள்ளை இருப்பார். இன்று அப்படியில்லை. மாதத்தில் நாலைந்து நாள் வந்து கணக்கை முடித்துத் தருபவர், கடையின் பேஸ்புக் பக்கத்தைப் பார்ப்பவர், பில் போடும் கணினியைச் சரிசெய்பவர் எனச் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத பலரிடம் நாம் வேலை வாங்குகிறோம். இவர்கள் நம் ஊழியர்கள் அல்லர். சுயாதீனமாக வேலை எடுத்துச் செய்பவர்கள். வேலை கொடுக்கும்போது கூலி பேசுகிறோம். இடைநடுவில் நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் பேசுவதில்லை. சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். பதுளையில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளிக்கு, தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர் மாதம் 30,000 ரூபாவுக்குக் கணக்கு எழுதுகிறார். இந்த வேலைக்காக வேறு இரண்டு கடைகளை அவர் விட்டுவிட்டார். ஒரு நாள் முதலாளி, "தம்பி, நாளையிலிருந்து வர வேண்டாம்" என்கிறார். இளைஞரின் வீட்டில் அந்த மாதம் அடுப்பு எரிவது எப்படி? மறுபக்கத்தையும் பாருங்கள். பெருநாள் வியாபாரத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்த இளைஞர், "முதலாளி, நான் கொழும்புக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, கணினியின் கடவுச்சொல்லைக்கூடக் கொடுக்காமல் போனால் கடையின் கதி என்ன? முன்னறிவித்தல் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

மலையகம் கற்ற பாடம்

இது நம் மண்ணுக்குப் புதிய விடயம் அல்ல. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், வாய்மொழி வேலை ஒப்பந்தத்தை மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் ஒன்றாகக் கருதியது. நாட்கூலி வேலையும், இவ்வளவு வேலைக்கு இவ்வளவு என்று பேசும் வேலையும் அதற்கு விதிவிலக்கு. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு ஒரு மாத முன்னறிவித்தலை வைத்தது.

எழுத்தில், ஒரு மாதம் முன் சொன்னால் தொழிலாளி போகலாம். ஆனால் கங்காணியிடம் பட்ட கடன் அவரைக் கட்டிப்போட்டது. கடனை அடைத்தால் ஆளை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த 'துண்டு' இருந்தால்தான் வேறு தோட்டம் அவரை எடுக்கும். சொல்லாமல் போனால் சிறைத் தண்டனைகூடக் கிடைத்தது. இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. தெமோதரைக்கு அருகே ஒன்பது வளைவுப் பாலம் கட்டி முடிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

பாடம் இதுதான்: முற்பணத்தையும் கடனையும் காட்டி ஒருவரின் விலகும் உரிமையைப் பறிக்கக் கூடாது. முற்பணம் ஒரு கணக்கு. முன்னறிவித்தல் வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனியே தீர்க்க வேண்டும்.

மார்க்கம் காட்டும் வழி

ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையுடன்தான் ஸூரா அல்மாஇதா ஆரம்பிக்கிறது. உடன்படிக்கையை முடிப்பதற்கும் அல்குர்ஆன் ஒழுங்கு சொல்கிறது. மோசடியை அஞ்சினால் உடன்படிக்கையை வெளிப்படையாக, இரு தரப்பும் சமமாக அறியும் வண்ணம் முடிக்குமாறு அல்அன்பால் 58ஆம் வசனம் பணிக்கிறது. அத்தவ்பா ஸூராவின் ஆரம்பத்தில் இணைவைப்பாளர்களுக்கு நான்கு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. வாக்கை முறிக்காதவர்களுக்கு உரிய தவணை வரை அதை நிறைவேற்றும்படி சொல்லப்பட்டது. இவை போரும் சமாதானமும் பற்றியவை. கூலி பற்றியவை அல்ல. ஆயினும் எதிரிக்கே அறிவித்தலும் அவகாசமும் உண்டென்றால், நம் கடைக்கு உழைத்தவருக்கு இல்லையா?

பிக்ஹில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். கால அளவும் கூலியும் குறித்து ஒருவரை அமர்த்துவது இஜாரா. அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஒருவர் தன் விருப்பத்துக்கு முறிக்க முடியாது. 'இதை முடித்துத் தந்தால் இவ்வளவு தருகிறேன்' என்பது ஜுஆலா. அதை முடியும்முன் யாரும் கைவிடலாம். ஆனால் ஷாபிஈ மத்ஹபின்படி, வேலை தொடங்கிய பின் சொந்தக்காரர் நிறுத்தினால், செய்த வேலைக்கு வழமையான கூலியை அவர் கொடுக்க வேண்டும். வேலை செய்பவரே பாதியில் விட்டால் அவருக்குக் கூலி இல்லை. உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்பதில் சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டின் சட்டம்

கவனம் தேவைப்படும் இடம் இது. ஒருவரை 'சுயாதீனமானவர்' என்று நாம் அழைப்பதால் மட்டும் அவர் அப்படி ஆகிவிடமாட்டார். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் 'வேலையாள்' என்பதற்குத் தரும் வரைவிலக்கணத்தில், ஒரு வேலையைத் தானே நேரில் செய்து தருவதாக ஒப்பந்தம் செய்தவரும் அடங்குவார். தினமும் உங்கள் கடைக்கே வந்து, நீங்கள் சொன்ன நேரத்தில், சொன்னபடி வேலை செய்பவர் தொழில் நியாய சபைக்குப் போனால், சபை காகிதத்தில் உள்ள பெயரைப் பார்க்காது, நடைமுறையைப் பார்க்கும். ஊழியர் என்று தீர்ப்பானால் ஊழியர் சேமலாப நிதி நிலுவையும் உங்கள் தலையில் விழும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாக இருந்து, அவர் 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்திருந்தால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் குறுக்கே வரும்: ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்கு அவரது எழுத்து மூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும்.

உண்மையிலேயே சுயாதீனமானவர் என்றால், நீங்கள் இருவரும் பேசிய ஒப்பந்தமே சட்டம். அதில் முன்னறிவித்தல் பற்றி எதுவும் இல்லாவிட்டால் 'நியாயமான காலம்' எது என்ற வாதம் எழும். அதை முன்கூட்டியே எழுதிவிடுவது இலாபம்.

எத்தனை நாள் வைப்பது?

1. மாதக் கொடுப்பனவு என்றால் ஒரு மாதம் பொருத்தம். உடனே நிறுத்தத்தான் வேண்டுமென்றால் அந்த மாதப் பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள். மேற்சொன்ன உதாரணத்தில் அது 30,000 ரூபா.

2. மொத்தமாகப் பேசிய வேலை என்றால் நாளை விட, முடிந்த பங்கே முக்கியம். 90,000 ரூபா வேலை, முற்பணம் 30,000, பாதி முடிந்தது. பாதியின் பெறுமதி 45,000. எனவே இன்னும் 15,000 ரூபா கொடுக்க வேண்டும். கால்வாசிதான் முடிந்தது என்றால் பெறுமதி 22,500. 7,500 ரூபாவை அவர் திருப்பித் தர வேண்டும்.

3. பெருநாள், வரிக் கணக்கு போன்ற நெருக்கடிக் காலத்தில் இரு தரப்பும் விலகக் கூடாது என்று திகதி குறித்து எழுதிக்கொள்ளலாம்.

4. உங்களுக்கு 30 நாள் என்றால் அவருக்கும் 30 நாள். ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏற்றாதீர்கள்.

ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாசகம் போதும்: "இரு தரப்பில் எவரும் 30 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவித்து இவ்வொப்பந்தத்தை முடிக்கலாம். இறுதி நாள் வரையிலான கொடுப்பனவு 7 நாட்களுக்குள் தீர்க்கப்படும். கணக்குப் புத்தகங்களும் கடவுச்சொற்களும் இறுதி நாளில் ஒப்படைக்கப்படும்."

அறிவித்தலைக் கடிதமாகக் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சல் போன்ற இலத்திரனியல் ஆவணங்களுக்கும் சட்ட அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. எனவே தொலைபேசியில் உள்ள செய்திகளை அழித்துவிடாதீர்கள். பிணக்கு வந்தால் முதலில் ஊர்ப் பெரியவர்களோ மத்தியஸ்த சபையோ பேசித் தீர்க்கலாம். வழக்கு என்றால் தாமதிக்காதீர்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 வருடம் உண்டு. செய்த வேலைக்கான வெறும் கூலிக்கோ 1 வருடம் மட்டுமே.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். நாமோ அரை மணி நேரம் செலவழித்து ஒரு பக்கம் எழுதச் சோம்பல்படுகிறோம். இந்த வாரம் உங்கள் கடைக்கு வேலை செய்து தருபவர் வரும்போது, ஒரு தேநீரைக் கொடுத்து உட்காரவைத்து இதைப் பேசி முடியுங்கள். மனம் நல்லாயிருக்கும்போது எழுதியதுதான் மனம் கசந்தபோது கைகொடுக்கும்.