மட்டாஞ்சேரியிலிருந்து வரையாடு பார்க்கப் போகிறவர்களுக்கு

மூணாறை ஒட்டிய எரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு எப்போது போகலாம் என்று விசாரிக்கிற பலருக்கும் பள்ளி விடுமுறைதான் கணக்கு. கொச்சியின் புழுக்கத்திலிருந்து ஒரு நாளாவது தப்பினால் போதும் என்கிற தவிப்பு புரிகிறது. ஆனாலும் இங்கே மாதத்தை முடிவு செய்துவிட்டுத்தான் மற்றதையெல்லாம் யோசிக்க வேண்டும். காரணம், பூங்காவின் நாட்காட்டி வரையாட்டின் கையில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் அது குட்டி போடும். அதனால் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வனத்துறை கதவை அடைத்துவிடும். திறக்கிற தேதி ஆண்டுக்கு ஆண்டு சற்று முன்பின்னாகும். அறிவிப்பைப் பார்க்காமல் அறை பதிவு செய்யாதீர்கள்.

எந்த மாதம்?

என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை என்பேன். மழை கழுவிய புல்மேடு பச்சையாக இருக்கும், காலையில் வானம் திறந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் மூணாறு உறைபனி வரை குளிரும். கடலோர ஊரில் ஸ்வெட்டரே தேவைப்படாதவர்கள் அந்த நேரத்தில் அதை மறந்துவிட்டு வந்து நடுங்குவார்கள். ஏப்ரலில் ஆடும் குட்டியுமாகப் பார்க்கலாம், கூட்டத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூடுபனியும் அட்டையும் மண்சரிவும். மழைக்காட்டை மழையிலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் அப்போது போகலாம். மழைக்கோட்டும் அட்டைக்கடி தாங்கும் உறையும் இருந்தால் அதிலும் ஓர் இன்பம் உண்டு.

குறிஞ்சிக்காகப் போவதென்றால் கணக்கே வேறு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அந்த ஆகஸ்டில் வந்த பெருவெள்ளம் சாலைகளை அறுத்துப் பலரின் பயணத்தைக் கெடுத்தது. அடுத்த முறை 2030.

மலையேறுவது

மூணாறுக்கு ரயில் கிடையாது. எர்ணாகுளம் கேஎஸ்ஆர்டிசி நிலையத்திலிருந்து பேருந்து உண்டு, ஆலுவாயிலிருந்தும் உண்டு. விடியலுக்கு முன் கிளம்பும் வண்டியைப் பிடிக்க வேண்டுமானால் மட்டாஞ்சேரியிலிருந்து முந்தின இரவே ஆட்டோவுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள், படகை நம்ப வேண்டாம். தூரம் சுமார் 130 கிலோமீட்டர், நேரம் நான்கிலிருந்து ஐந்து மணி. கோதமங்கலம் தாண்டி நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடப்பீர்கள். 1935-இல் திறந்த பாலம் அது. 1924 வெள்ளத்தில், மலையாளிகள் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று சொல்லும் அந்த வெள்ளத்தில், ஆலுவாயிலிருந்து போன பழைய மூணாறுச் சாலை அழிந்தது. மூணாறில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் அதோடு போயிற்று. இன்று நாம் போகிற வழி அதற்குப் பிறகு வந்தது.

பாலத்துக்கு அப்பால் வளைவுகள் தொடங்கும். தலைசுற்றுகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். வாளறை, சீயப்பாறை அருவிகள் சாலையோரமே விழும். வழியில் அடிமாலியில் இறங்கி ஒரு டீ குடிக்கலாம்.

ஒரே நாளில் போய்த் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூணாறில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். வரையாட்டைப் பார்க்கத் தோதான நேரம் காலை எட்டு மணி. கொச்சியிலிருந்து அன்று புறப்பட்டு வருகிறவர் நடுப்பகலில், மேகம் இறங்கிய பிறகு, வரிசையின் கடைசியில் நிற்பார். அனுமதிச் சீட்டை வனத்துறை இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கட்டணம், நேரம் எல்லாம் அங்கேயே இருக்கும்.

மொழிக்குக் கவலை வேண்டாம். எஸ்டேட் லயங்களில் தலைமுறைகளாக வாழ்கிறவர்கள் தமிழர்கள். பேருந்திலும் கடையிலும் தமிழே போதும்.

ராஜமலையில்

மூணாறிலிருந்து மறையூர், உடுமலை போகும் சாலையில் ஐந்தாம் மைலில் வாசல். சொந்த வண்டி அதற்கு மேல் போகாது. வனத்துறைப் பேருந்து தேயிலைத் தோட்டங்களின் நடுவே ஏற்றி ராஜமலையில் இறக்கிவிடும். அங்கிருந்து தார்ச்சாலையில் ஒன்றரை கிலோமீட்டர் போல மெல்லிய ஏற்றம். முதியவர்கள் நின்று நின்று நடக்கட்டும், கடலோரத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த உயரத்தில் மூச்சு வாங்கும். பிளாஸ்டிக் பையும் பொட்டலத் தீனியும் கொண்டுபோகாதீர்கள்.

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிறது. மிகப் பெரிய கூட்டம் இருப்பது இந்த 97 சதுர கிலோமீட்டரில். தேயிலை முதலாளிகள் ஒருகாலத்தில் வேட்டைக்காக ஒதுக்கி வைத்த நிலம் இது. 1971-இல் சட்டம் இயற்றி அரசு மீட்டது, 1975-இல் சரணாலயமாக்கியது, 1978-இல் கேரளத்தின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. காட்டை அங்குலம் அங்குலமாக அறிந்த முதுவர் மக்கள் வேட்டைக்காலத்திலேயே இங்கே காவலர்களாக இருந்தவர்கள். அவர்கள் காத்ததால்தான் துப்பாக்கிக்குத் தப்பிய இந்த விலங்கு இன்று மனிதரைக் கண்டு ஓடாமல் சாலையோரம் மேய்கிறது.

அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதீர்கள். கிட்டே வந்தால் நில்லுங்கள், அது சாலையைக் கடக்கட்டும். உப்புத் தின்பண்டம் நீட்டினால் கைக்குப் பழகிவிடும். கொம்பைப் பிடித்துப் படமெடுப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பிடித்தவரைத் தண்டிக்கத்தான் வேண்டும். முதிர்ந்த கிடாயை முதுகிலுள்ள வெளிர்சாம்பல் திட்டால் அடையாளம் காணலாம். தொலைநோக்கி இருந்தால் பாறைச்சரிவுகளை நிதானமாகத் துழாவுங்கள். கண்ணுக்கு வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் ஒரு மந்தையே படுத்திருக்கும். புல்லுக்குள் ஓடும் நீலகிரி நெட்டைக்காலியையும் தேடுங்கள். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியை இங்கிருந்து பார்க்கலாம், இந்தச் சீட்டில் ஏற முடியாது.

மாட்டுப்பட்டிப் பக்கம் போனால் ரஜினி படத்தின் பெயரால் ‘படையப்பா’ என்று ஊரார் அழைக்கும் காட்டு யானை சாலையில் நிற்கக்கூடும். தள்ளி நிறுத்துங்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள்.

வாசல் அடைத்திருந்தால்

பிப்ரவரி, மார்ச்சில்தான் விடுப்பு கிடைத்தது என்றால் அதே சாலையில் மறையூர் தாண்டிச் சின்னாறுக்குப் போங்கள். மூணாறிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். மலையின் மழைமறைவில் கிடக்கும் முட்காடு அது. எரவிகுளம் மழையில் மிதக்கிற ஜூலையிலும் இங்கே பெரும்பாலும் வறண்டே கிடக்கும். சாம்பல் அணிலும் நட்சத்திர ஆமையும் இங்கு உண்டு. பழங்குடி வழிகாட்டியோடு நடக்க வனத்துறை ஏற்பாடு செய்கிறது. ராஜமலையின் தார்ச்சாலையை விட இந்த நடைதான் காட்டை நெருக்கமாகக் காட்டும் என்பது என் எண்ணம். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் நடை நிற்கலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ஒரு நாள் மிச்சமிருந்தால் கோதமங்கலத்தில் இறங்கித் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம். 1930-களில் திருவிதாங்கூர்ப் பறவைகளைக் கணக்கெடுத்த சாலிம் அலி வியந்த இடம். 1983-இல் சரணாலயமானது, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். பகலில் காய்ந்த இலைபோல் கிளையில் ஒட்டிக்கிடக்கும் இலங்கைத் தவளைவாயனை நாமாகக் கண்டுபிடிப்பது கடினம். முந்தின மாலையே உள்ளூர் வழிகாட்டி ஒருவரிடம் பேசி வைத்துக்கொண்டு, விடியும் நேரத்தில் காட்டுக்குள் இறங்குங்கள்.