லோரியின் இழுவை குறைவது ஏன்?
பழைய வாகனத்தின் குறையைப் படிப்படியாக அறியும் முறை

ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் வெட்டிய பால், காலம் தாழ்த்தாமல் ஆலையைச் சென்றடைய வேண்டும். அம்மோனியா சேர்க்காத பால் சில மணி நேரத்திலேயே உறையத் தொடங்கிவிடும். ஆகவே, பால் ஏற்றிச் செல்லும் லோரி மேட்டில் திணறுவது ஓட்டுநர் ஒருவரின் கவலை மட்டுமன்று. அன்று மரம் வெட்டிய அனைவரின் கவலையும் ஆகும்.

மூன்று நான்கு இலட்சம் கிலோமீட்டர் ஓடிய லோரியின் இழுவை குறைந்தால், "இயந்திரம் தேய்ந்துவிட்டது, பிரித்துத்தான் ஆகவேண்டும்" என்று உடனே முடிவு கட்டுவோர் உண்டு. அம்முடிவு சில வேளைகளில் சரியாகவும் இருக்கலாம். ஆனால், ஆயிரக்கணக்கான வெள்ளியைச் செலவிட்டு இயந்திரத்தைப் பிரித்த பின்னர், அடைபட்ட வடிகட்டி ஒன்றே குறைக்குக் காரணம் என்று தெரியவந்தால் என்ன பயன்? செலவில்லாத சோதனையை முதலிலும், செலவு மிகுந்ததை இறுதியிலும் செய்வதே முறையாகும்.

குறை இயந்திரத்தில்தானா?

முதலில் இதனை உறுதி செய்துகொள்ள வேண்டும். மேட்டில் ஏறும்போது இயந்திரத்தின் ஓசை உயர்ந்தும் லோரியின் வேகம் கூடாவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது என்று கொள்ளலாம். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைத் தொடாமல் நீட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் மிகுதியாக வீசினால், அச்சக்கரத்தின் பிரேக் முழுதும் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். டயர்களில் காற்றுக் குறைந்தாலும் இழுவை குறைந்ததுபோலத் தோன்றும்.

அடுத்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒருவர் எண்ணெய் மிதியை அடிவரை மிதிக்க, மற்றொருவர் டீசல் பம்பின் நெம்புகோலைக் கவனிக்க வேண்டும். பழைய லோரிகளில் இணைப்புக் கம்பி தேய்ந்தோ, மிதியின் அடியில் மண் இறுகியோ, நெம்புகோல் அதன் எல்லைவரை செல்லாமல் நின்றுவிடுவதுண்டு. இச்சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை.

புகை கூறும் செய்தி

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ 15 முதல் 22 மடங்குவரை அழுத்தப்படுகிறது. அதனால் காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கு மேல் உயர்கிறது. அப்போது தெளிக்கப்படும் டீசல் தானாகவே தீப்பற்றுகிறது. ஆகவே, போதிய காற்று, போதிய டீசல், போதிய அழுத்தம் ஆகிய மூன்றும் தேவை. இவற்றுள் எது குறைந்தது என்பதை, பாரத்துடன் மேடேறும்போது வெளிவரும் புகை பெரும்பாலும் காட்டிவிடும்.

கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்பது பொருள். செம்மண் சாலையின் புழுதி காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். டர்போ பொருத்திய லோரியாயின், அதன் குழாய்களில் வெடிப்போ தளர்வோ உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தால், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும். வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பெருந்தவறு. உட்புகும் மண்துகள் பிஸ்டன் வளையங்களை அரித்துவிடும்.

புகையே இன்றி இழுவை மட்டும் குறைந்தால், டீசல் போதிய அளவில் வரவில்லை என்று முதலில் ஐயுறலாம். டீசல் வடிகட்டியை மாற்றுங்கள்; நீர் பிரிப்பானில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் மெல்லிய வெடிப்பு இருந்தால், டீசல் வெளியே கசியாமலே காற்று உள்ளே இழுக்கப்படும். மலேசியாவில் போக்குவரத்துத் துறைக்கு 10 விழுக்காடு பாமாயில் டீசல் கலந்த எரிபொருள் 2019-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய கலப்பு எரிபொருள், பழைய தொட்டியில் படிந்த அழுக்கைக் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டு வரக்கூடும். நீரையும் எளிதில் ஈர்க்கும். எனவே, பழைய லோரியில் கலப்பு எரிபொருளைப் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்கினால், வடிகட்டியை வழக்கத்திற்கு முன்பே மாற்றுவது நன்று.

நீலப்புகை, இயந்திர எண்ணெய் எரிவதைக் காட்டும். இயந்திரம் நன்கு சூடேறிய பின்னும் வெண்புகை நீடித்து, ரேடியேட்டரில் நீரும் குறைந்து வந்தால், லோரியை மேலும் ஓட்டாமல் பட்டறைக்குத் தெரிவிக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தல் கூடாது.

தேய்வை உறுதி செய்தல்

மேற்கூறியவை யாவும் சரியாக இருந்தும் இழுவை மீளவில்லையெனில், அதன் பின்னரே இயந்திரத் தேய்வைப் பற்றி எண்ண வேண்டும். காலையில் முடுக்குவதற்கு அரிதாதல், எண்ணெய் மிகுதியாகக் குறைதல், எண்ணெய் ஊற்றும் வாயின் வழியே ஆவி பலமாக வீசுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பிஸ்டன் வளையத் தேய்வு இருக்கக்கூடும். அப்போதும், வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கருவியால் அளக்குமாறு மெக்கானிக்கைக் கேளுங்கள். அளக்காமல் பிரித்தல் ஆகாது.

ஓர் எச்சரிக்கை: மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட பிற்கால லோரிகளில், இயந்திரம் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய்களைத் தளர்த்தாதீர்கள். அவற்றுள் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இருக்கும். மெல்லிய பீற்றலே தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும். அவ்வாறு நேர்ந்தால், காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குறிப்பேடு ஒன்று போதும்

இழுவை ஒரே நாளில் குறைவது அரிது. சிறுகச் சிறுகக் குறைவதால் நாளும் ஓட்டுபவருக்கே அது தெரியாமல் போகிறது. ஆகவே ஓட்டுநர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, கிலோமீட்டர் அளவையும், ஊற்றிய டீசலையும் எண்ணெயையும், வடிகட்டி மாற்றிய நாளையும் எழுதி வருதல் வேண்டும். அத்துடன், தோட்டத்துச் சாலையில் ஒரு மேட்டைத் தெரிந்துகொண்டு, நிறைந்த பாரத்துடன் எந்தக் கியரில் அதனை ஏற முடிந்தது என்றும் மாதந்தோறும் குறித்துக்கொள்ளலாம். மூன்றாம் கியரில் ஏறிய மேட்டுக்கு இரண்டாம் கியர் தேவைப்பட்டால், அந்நாளே சோதனையைத் தொடங்க வேண்டிய நாளாகும். லோரி பாலுடன் நடுவழியில் நின்றபின் தேடும் காரணத்தை, அதற்கு முன்பே அக்குறிப்பேடு காட்டிக்கொடுக்கும்.