நோயின்பின் நெஞ்சம் வளர்தல்

சிவமயம்

மக்கள் யாக்கை நோய்க்கு இடமாயது என்பதனை நாம் மாணாக்கர்க்குப் பலகாலும் கற்பித்து வருகின்றோம். ஆயினும், நோய் நம் அயல்வீட்டிலே வந்து புகும்பொழுது கற்பித்த நமக்கே சொல் எழுவதில்லை. எழுஞ் சொல்லும் பல சமயங்களிலே பிழைபட எழுகின்றது. புற்றுநோய் என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்தே இது மிகுதியும் நிகழக் காண்கின்றோம். ஆதலின், அந்நோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பெற்றவரது உள்ளத்தில் நிகழ்வது யாது, அத்துன்பத்தின்பின் நன்மை விளைதல் கூடுமோ, கூடுமாயின் அருகில் நிற்போர் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றனையும், சைவப் பாடசாலை ஆசிரியர்கள்பொருட்டு ஈண்டு ஆராய்வாம்.

1. வேளைக்கே அறியப்பட்ட நோய்

திருக்கோணமலைத் துறைமுகப் பட்டினத்திலே ஒரு பாடசாலையிற் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரை மனத்திலே வைத்துக்கொள்க. மார்பிலே சிறு கட்டியொன்று தட்டுப்பட, அவர் வைத்தியரிடஞ் சென்றார். கட்டி சிறிது, நோய் பரவவில்லை, சிகிச்சை பயன்றரும் என்று வைத்தியர் கூறினர். உற்றார் யாவரும், "வேளைக்கே கண்டுபிடித்தது நல்லதாய்ப் போயிற்று, இனி என்ன கவலை?" என்றனர்.

அவர் கூற்று மெய்யே. தொடக்கத்தில் அறியப்பட்ட புற்றுநோய்கள் பலவற்றை இக்கால வைத்தியம் முற்றாக நீக்க வல்லது. ஆயினும், அவ்வாசிரியையின் நெஞ்சிலே நிகழ்வதனை அச்சொல் தொடவில்லை. சத்திரசிகிச்சை, மருந்து, கதிர்ச்சிகிச்சை என்பன நடைபெறும் மாதங்களிலே வைத்தியரும் தாதியரும் உறவினரும் சூழ்ந்திருப்பர். அடுத்து இன்னது செய்தல் வேண்டும் என்னும் ஒழுங்கும் இருக்கும். அவையெல்லாம் முடிந்து வீடு திரும்பிய பின்னரே தனிமை தொடங்குகின்றது. ஒரு சிறு முதுகுவலியும், "நோய் மீண்டதோ?" என்னும் அச்சத்தைக் கொணர்கின்றது. மறுபரிசோதனை நாள் நெருங்குந்தோறும் உறக்கம் ஒழிகின்றது. மற்றையோர் முடிந்தது என்று எண்ணும் இடத்திலேதான் நோயுற்றவர், "இனி என் வாழ்வு யாது?" என்று வினவத் தொடங்குகின்றார். இவ்வினாவே நாம் ஆராயும் வளர்ச்சிக்கு வித்து என்க.

2. நாவுக்கரசர் வரலாறு காட்டும் நெறி

நோயின்வழியே வாழ்வு புதிதாகியமைக்கு நம்மவர்க்கு முதன்மையான எடுத்துக்காட்டுத் திருநாவுக்கரசு நாயனார் வரலாறேயாம். அவரை வருத்திய சூலை புற்றுநோயென்று நாம் கூறவில்லை. நோயின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. நோயுற்றவர் நிலையும், அருகில் நின்றவர் செய்கையுமே நோக்கத்தக்கன.

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தின்படி, மருணீக்கியார் பாடலிபுத்திரத்திலே தருமசேனர் என்னும் பெயரோடு பெருமதிப்புற்று வாழ்ந்த காலத்திற் சூலைநோய் அவரைப் பற்றியது. உடனிருந்தோர் செய்த பரிகாரங்கள் பயன்படாதொழியவே, அவர் தம் தமக்கையாராகிய திலகவதியாரிடத்து ஆளனுப்பினார். பின்னர்த் தாமே இரவிற் புறப்பட்டுத் திருவதிகையை அடைந்து, அவர் திருவடியில் வீழ்ந்து, உய்யும் வழி கேட்டார்.

திலகவதியார் யாது செய்தார்? தந்தையாரையும் தாயாரையும் இழந்து, தமக்கு மணம்பேசிய கலிப்பகையாரையும் போரில் இழந்து, தம்பியின்பொருட்டே உயிர்தாங்கியவர் அவர். அத்தம்பியே தம்மைப் பிரிந்து சென்றிருந்தார். கடிந்துரைக்க அவருக்குக் காரணம் பல இருந்தன. அவரோ, "நீ செய்ததன் பயனை நீயே அனுபவி" என்று ஒரு சொல்லும் சொன்னாரல்லர். வீழ்ந்தவரை எழுப்பினார், இது பெருமான் அருளே என்று தேற்றினார், இறைவனைப் பணிந்து பணிசெய்யுமாறு கூறினார், திருநீறு அளித்தார், வைகறையிலே திருவலகும் மெழுக்குங் கொண்டு தாம் செல்லுந் திருக்கோயிலுக்குத் தம்பியையும் உடனழைத்துச் சென்றார்.

இங்கே மூன்று நுட்பங்கள் உள. கேட்டவர்க்கே அவர் சொன்னார்; கேளாமுன் உபதேசிக்கவில்லை. அவர் சொன்னது அருள் என்னும் ஆறுதல், குற்றச்சாட்டு அன்று. சொல்லியதோடு நில்லாது உடன் நடந்தார். நோய் நீங்கிய நாயனாரும் பழைய பெருமைக்கு மீண்டிலர். உழவாரப்படையைக் கையிலேந்தித் திருக்கோயில்களிற் புல் செதுக்கும் கைத்தொண்டினை மேற்கொண்டார். அவர்க்கு நோயின் பொருள் தொண்டிலேயே விளங்கியது.

3. உளநூலார் கண்டவை

இக்கால உளநூலாரும் இத்தகைய மாற்றத்தை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க நாட்டிலே வட கரோலினாவைச் சேர்ந்த றிச்சேட் ரெடெஸ்கி, லோறன்ஸ் கல்கூன் என்னும் அறிஞர் இருவர், பெருந்துன்பத்தின்பின் மக்கள் உள்ளத்தில் தோன்றும் வளர்ச்சியை அளத்தற்பொருட்டு 21 கூற்றுக்கள் கொண்ட அளவை ஒன்றனை 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வளர்ச்சியை அவர் ஐந்து கூறாக வகுத்தனர். அவையாவன: உயிர்வாழ்தலின் அருமையை உணர்தல், பிறரோடு கொள்ளும் உறவு நெருக்கமாதல், வாழ்விற் புதிய வழிகள் புலப்படுதல், தன் உள்ளுரத்தைத் தானே அறிதல், ஆன்மிக உணர்வு ஆழமாதல் என்பனவாம்.

இவற்றைக் கற்பிக்கும்போது ஆசிரியர் இரண்டு செய்திகளை உடன் உணர்த்தல் வேண்டும். ஒன்று, இவ்வளர்ச்சி எல்லார்க்கும் நிகழ்வதன்று; நிகழாமை குறையுமன்று. மற்றொன்று, வளர்ச்சி வந்தமையால் துன்பம் ஒழிந்தது என்பதும் இல்லை. அச்சமும் வளர்ச்சியும் ஒரே நெஞ்சில் ஒருங்கே இருக்கும்.

இதனை நம் ஊரிலேயே கண்கூடாகக் காட்டலாம். சுவாமிமலையில் விளங்கிய கோணேசர் கோயில் 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. 1950ஆம் ஆண்டில் நிலத்தை அகழ்ந்தபொழுது பழைய விக்கிரகங்கள் சில வெளிப்பட்டன. பின்னர் மலையுச்சியிலே கோயில் மீண்டும் எழுந்தது. இன்று அங்கே வழிபடுவோர் எவரேனும், "இடித்தது நன்றாயிற்று" என்று கூறுவரோ? கூறார். இடித்தமை தீமையே, எழுப்பியமை நன்மையே. பின்னையது முன்னையதனை நியாயப்படுத்தாது. அவ்வாறே, நோய் நன்று என்று நாம் கூறவேண்டுவதில்லை. நோயின்பின் ஒருவர் எழுப்பிக்கொண்ட வாழ்வே நன்று என்று கூறுதல் அமையும்.

4. விலக்கத்தக்க சொற்கள் இரண்டு

முதலாவது, "இது உன் வினைப்பயன்" என்பது. வினைக்கொள்கை நம் சமயத்தின் உறுதிப்பொருள்களுள் ஒன்று. ஆயினும், இன்ன வினைக்கு இன்ன பயன் என்று அறிந்து கூட்டுவோன் இறைவன் ஒருவனே. அயலாரது நோயைக் கண்டு அவர்தம் வினைக்கணக்கை நாம் வாசிக்கப் புகுதல், அவனுக்குரிய அறிவை நமக்கு உரியதாக்கிக்கொள்ளுதலாம். வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உதவுவது. பிறரைச் சுட்டுதற்கு உரியதன்று.

இச்சொல்லால் விளையும் கேடு மனவருத்தத்தோடு நிற்பதுமன்று. நோய் பழிக்கு அடையாளம் என்றாகுமாயின், அடுத்த வீட்டுப் பெண் தன் மார்பிற் கட்டியை மறைப்பாள். வெற்றிலையும் புகையிலையும் மெல்லுகின்ற துறைமுகத் தொழிலாளி தன் வாயில் ஆறாத புண்ணை மறைப்பான். இலங்கையிற் பெண்களிடத்து மார்புப் புற்றுநோயும், ஆண்களிடத்து வாய்ப் புற்றுநோயும் முதன்மையாகக் காணப்படுகின்றன. இவ்விரண்டும் வேளைக்கே அறியப்படத்தக்கவை. மறைத்தலினாற் காலந் தாழ்க்க, நீக்கத்தக்க நோய் நீக்கலாகா நோயாகின்றது. ஆகவே, நாம் வாய்தவறிச் சொல்லும் ஒரு சொல் ஓர் உயிருக்கு விலையாதலும் கூடும்.

இரண்டாவது, "அழாதே, மகிழ்ச்சியாயிருந்தாற்றான் நோய் மாறும்" என்பது. அன்பினாற் கூறப்படுவதாயினும் இதுவும் பிழையே. தலை, கழுத்துப் பகுதிகளிற் புற்றுநோயுற்ற 1,093 பேரை ஆராய்ந்து ஜேம்ஸ் கொயின் முதலிய அறிஞர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபின்படி, நோயாளரது மனநலம் அவர் எத்துணைக் காலம் உயிர்வாழ்வார் என்பதனை முன்னறிவிப்பதாகக் காணப்படவில்லை. இதனாற் போதருவது யாதெனின், அழுகின்ற நோயாளி தன் அழுகையினால் தன்னைக் கொல்லவில்லை என்பதாம். மனநலம் பேணத்தக்கதே, அஃது அவர் வாழும் நாள்கள் நல்ல நாள்களாதற்பொருட்டு. மருந்தின் வேலையை மருந்துதான் செய்தல் வேண்டும். நேர்த்தியும் வழிபாடும் நெஞ்சுக்கு உறுதி தருவன. அவற்றைக் காரணங்காட்டிச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுதல் ஒருபோதுந் தகாது.

5. துன்பம் தொண்டாதல்

புதுக்கோட்டையிலே பிறந்து, 1912ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1923ஆம் ஆண்டிலே தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். வைத்தியராயிருந்தும் காக்க இயலவில்லை என்னும் துயரம் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அத்துயரமே 1954ஆம் ஆண்டிற் சென்னை அடையாற்றிலே 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையமாக உருவெடுத்தது. இடையிற் சென்றன 31 ஆண்டுகள். துன்பம் பொருளுடையதாதற்கு இத்துணைக் காலமும் ஆகலாம். ஆகவே நோயுற்றவரை, "இதில் நீ கற்றது யாது?" என்று மறுமாதமே வினவுதல் கூடாது.

நோயுற்றவரே பிறர்க்கு வழிகாட்டியமைக்கும் சான்று உண்டு. 1974ஆம் ஆண்டு செத்தெம்பரில் அமெரிக்க சனாதிபதியின் மனைவியார் பெற்றி ஃபோர்ட் அம்மையார்க்கு மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நடந்தது. அந்நாளில் அந்நோயின் பெயரையே வெளிப்படக் கூற நாணுவர். அம்மையாரோ அதனை மறையாது ஊரறியச் செய்தார். அதனைக் கேட்ட பெண்கள் பலர் தம்மைப் பரிசோதிப்பித்தனர். உபசனாதிபதிப் பதவிக்குப் பெயர் குறிக்கப்பட்டிருந்த நெல்சன் ராக்ஃபெல்லரின் மனைவியார்க்கும் சில கிழமைகளுள் அந்நோய் கண்டறியப்பட்டது. ஃபோர்ட் அம்மையார் 2011ஆம் ஆண்டுவரை, 93 வயது வாழ்ந்தார்.

மாணவர் நன்கறிந்த இந்தியத் துடுப்பாட்ட வீரர் யுவராஜ் சிங் 2012ஆம் ஆண்டின் தொடக்கத்திற் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். அவ்வாண்டு செத்தெம்பரிலேயே விளையாட்டுக்கு மீண்டு, நம் இலங்கையில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலும் ஆடினார். புற்றுநோயை வேளைக்கே கண்டறிய உதவும்பொருட்டு ஓர் அறநிலையமும் நிறுவினார். இவர்களது செய்கையால் பெறப்படும் உண்மை ஒன்றே: வேளைக்கே அறியப்பட்டவர் நாணாது பேசும்பொழுது, மற்றொருவர் வேளைக்கே வைத்தியரிடஞ் செல்கின்றார்.

6. ஆசிரியர் செய்யத்தக்கன

நோயினின்றும் மீண்ட ஆசிரியரை வகுப்புக்கு வரவேற்கும்போது, முன்போலவே எல்லாப் பாரத்தையும் அவர்மேல் ஏற்றாமலும், ஒன்றுக்கும் உதவார் என்று ஒதுக்காமலும், அவர் எவ்வளவு செய்ய விரும்புகின்றார் என்று அவரையே கேட்க. தாய்க்கு நோயென்று வாடியிருக்கும் பிள்ளையைத் தனியே அழைத்து, அந்நோய் தொற்றுவதன்று என்றும், அப்பிள்ளை செய்த குறும்பினால் வந்ததன்று என்றும் தெளிவாகச் சொல்லுக. சிறுவர் பலர் பின்னதனை நெஞ்சிற்கொண்டு வெளியிற் சொல்லாதிருப்பர்.

1996ஆம் ஆண்டிலே நம் நாட்டில் தொடங்கிய சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களுக்குத் தாய்மாரும் ஆசிரியைமாரும் செல்லுமாறு ஊக்குக. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசிமருந்து 2017ஆம் ஆண்டிலே ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கென நம் நாட்டிற் சேர்க்கப்பட்டது. அதுபற்றிப் பெற்றார்க்கு எழும் ஐயங்களை நீக்குதலும் ஆசிரியர் கடனேயாம். நோயுற்றவர் தம் துன்பத்திற்குப் பொருள் காணின் அதனைக் கேட்டு மகிழ்க. காணாராயின் உடனிருந்து அவர் கையைப் பற்றிக்கொள்க.

திலகவதியார் ஏந்திச் சென்ற திருவலகும், தம்பியார் ஏந்திய உழவாரமும் எளிய கருவிகளே. நம் கையிலுள்ள எளிய கருவி நாவு. அதனால் ஒருவர் நெஞ்சைப் புண்படுத்தாது, ஒருவரையேனும் காலந்தாழாது வைத்தியரிடஞ் செலுத்துவோமாயின், நாம் கற்பித்தது பயனுடைத்தாம்.

வகுப்பிற்குரிய வினாக்கள்

1. திலகவதியார் தம் தம்பியார்க்குச் செய்தவற்றுட் சொல்லாற் செய்தவை எவை? செயலாற் செய்தவை எவை?

2. பெருந்துன்பத்தின்பின் தோன்றும் வளர்ச்சியின் ஐந்து கூறுகள் யாவை? நாவுக்கரசர் வரலாற்றில் எவை விளங்குகின்றன?

3. கோணேசர் கோயில் மீண்டெழுந்தமை இப்பாடத்தில் எதனை விளக்குதற்கு உவமையாயிற்று?

4. நோயை மறைத்தலால் விளையுங் கேடு யாது? அம்மறைப்பை நம் பாடசாலையளவில் நீக்கும் வழி யாது?

திருச்சிற்றம்பலம்.