கொலை வழக்கில் ஐயம் எங்கே இருக்கிறது? தொடக்கநிலை வாசகருக்கு முழுமையான வழிகாட்டி

கொலை வழக்கில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலையானால் டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஒரே கேள்விதான் கேட்கும்: “அப்போ யார்தான் கொன்னது?” நீதிமன்றம் பதில் சொல்லக் கடமைப்பட்ட கேள்வி அதுவல்ல. கூண்டில் நிற்கும் இந்த ஆள்தான் செய்தார் என்பதை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பு நிரூபித்ததா? அவ்வளவுதான் கேள்வி. 1935-இல் இங்கிலாந்தின் வுல்மிங்டன் வழக்கில், மனைவியைச் சுட்ட துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்றான் கணவன். ‘தவறுதல் என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும்’ என்ற கீழ் நீதிமன்றத்தின் நிலைப்பாட்டைப் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. அந்த வழக்கு வகுத்த வழியில்தான் நம் நீதிமன்றங்களும் நடக்கின்றன.

சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவர், நீதிமன்றச் செய்தி எழுதத் தொடங்கும் நிருபர், வீட்டில் ஒரு வழக்கு வந்து முழிக்கும் குடும்பத்தார் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: காகிதங்களை நேர வரிசையில் அடுக்குங்கள்

தீர்ப்பையோ குற்றப்பத்திரிகையையோ கதையாகப் படிக்காதீர்கள். கதையாகப் படித்தால் அரசுத் தரப்பு சொல்வது எப்போதும் சரியாகத்தான் தெரியும். அப்படித் தெரியும்படிதான் அது எழுதப்பட்டிருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். சம்பவ நேரம், காவல் நிலையத்தில் புகார் பதிவான நேரம், முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரம், பிரேத விசாரணை, பிரேதப் பரிசோதனை, கைது, பொருள் கைப்பற்றியது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை, வழக்குகள் இற்றுவிழும் இடங்களில் பாதி இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

இதில் மாஜிஸ்திரேட் முதல் தகவல் அறிக்கையைப் பெற்றுக்கொண்டு குறிக்கும் தேதியும் நேரமும் பொன்னானவை. கொலை வழக்கில் ‘எக்ஸ்பிரஸ் எப்.ஐ.ஆர்.’ என்று ஒரு காவலர் கையில் கொடுத்து உடனே அனுப்புவது தமிழ்நாட்டு வழக்கம். இரவு எட்டு மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் அறிக்கை அடுத்த தெருவில் இருக்கும் மாஜிஸ்திரேட்டை மறுநாள் மாலைதான் எட்டியது என்றால், இடைப்பட்ட நேரத்தில் யார் யார் பெயர் சேர்ந்தது என்ற கேள்வி வரும். தாமதம் மட்டுமே வழக்கைக் கொல்லாது. விளக்கமில்லாத தாமதம்தான் கொல்லும். 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த துலியா காளி வழக்கு நம் மாநிலத்து வழக்கு. காவல் நிலையம் இரண்டு மைல் தூரத்தில் இருந்தும், நேரில் பார்த்ததாகச் சொன்னவர்கள் இருந்தும், புகார் போக 20 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்கு ஏற்கத்தக்க விளக்கம் இல்லாததால் எதிரி விடுவிக்கப்பட்டார்.

சாட்சிகள் போலீஸிடம் சொன்ன வாக்குமூலங்கள் எப்போது நீதிமன்றம் வந்து சேர்ந்தன என்பதையும் அதே தாளில் குறியுங்கள். சம்பவத்தன்றே விசாரித்ததாகச் சொல்லும் வாக்குமூலம் சில மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகையோடுதான் வந்தது என்றால், குறுக்கு விசாரணையில் வக்கீல் விடமாட்டார்.

படி 2: நேரில் பார்த்தவரைச் சோதியுங்கள்

எத்தனை சாட்சிகள் என்று எண்ணுவது வீண் வேலை. 1957-இல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர். முதல் வகையில் ஒருவர் போதும். மூன்றாம் வகைக்குத்தான் வேறு ஆதாரம் துணைக்கு வேண்டும்.

கேட்க வேண்டியவை சாதாரணக் கேள்விகளே. இருட்டில் எந்த வெளிச்சத்தில் பார்த்தார்? தெருவிளக்கு என்றால் அது பார்வை மகஜரிலும் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு) வரைபடத்திலும் இருக்கிறதா? அங்கே போக அவருக்கு என்ன வேலை? மூன்று பேர் அரிவாளால் வெட்டியதாக அவர் சொல்ல, மருத்துவர் ஒரே ஒரு குத்துக்காயத்தை மட்டும் எழுதியிருக்கிறாரா? இறந்தவரின் உறவினர் என்பதற்காக மட்டும் சாட்சியை ஒதுக்க முடியாது. வீட்டுக்குள் நடந்ததை வீட்டார்தானே பார்த்திருப்பார்கள்.

புதியவர்கள் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. போலீஸிடம் சொல்லாத ஒன்றைச் சாட்சி கூண்டில் புதிதாகச் சொன்னால், அதை அப்போதே அவரிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பிறகு புலன் விசாரணை அதிகாரியிடமும் உறுதிப்படுத்த வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டால் அந்த முரண்பாடு எதிரிக்குப் பயன்படாது.

படி 3: சந்தர்ப்ப சாட்சியம் என்றால் வேறு அளவுகோல்

யாரும் பார்க்கவில்லை என்றால் 1984-ஆம் ஆண்டின் சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பைப் படித்தே ஆக வேண்டும். 1982-இல் புனேயில் இளம் மனைவி ஒருவர் பொட்டாசியம் சயனைடால் இறந்து கிடந்தார். கணவருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை கொடுத்தது, மும்பை உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் விடுவித்தது. விஷ வழக்கில் கொல்லும் நோக்கம், விஷத்தால் மரணம், எதிரியிடம் அந்த விஷம் இருந்தது, கொடுக்க வாய்ப்பு இருந்தது ஆகியவை நிரூபணமாக வேண்டும். கணவரிடம் சயனைடு இருந்ததற்கு ஆதாரமே இல்லை. அந்தப் பெண் எழுதிய கடிதங்களில் தெரிந்த மனச்சோர்வு தற்கொலைக்கான சாத்தியத்தையும் திறந்து வைத்திருந்தது.

அங்கே வகுக்கப்பட்ட ஐந்து விதிகளின் சாரம்: ஒவ்வொரு சந்தர்ப்பமும் தனித்தனியே முழுமையாக நிரூபணமாக வேண்டும், எல்லாம் சேர்ந்து எதிரியை மட்டுமே சுட்ட வேண்டும், வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் இருக்கக்கூடாது. ‘செய்திருக்கலாம்’ போதாது, ‘செய்தே இருக்க வேண்டும்’ என்ற நிலை வர வேண்டும்.

‘கடைசியாக இருவரையும் சேர்ந்து பார்த்தேன்’ என்ற சாட்சியத்தில் இடைவெளியைக் கவனியுங்கள். மாலை ஆறுக்குப் பார்த்து, மறுநாள் மதியம் பொதுவழியில் உடல் கிடைத்தால் நடுவில் யாரும் வந்திருக்கலாம். எதிரிக்கு மட்டுமே தெரிந்த உண்மையை அவர் விளக்க வேண்டும் என்ற பழைய சாட்சியச் சட்டப் பிரிவு 106 (இன்றைய பாரதிய சாக்‌ஷிய அதிநியம் 109) அரசுத் தரப்பு தன் வேலையை முடித்த பிறகுதான் உயிர் பெறும்.

படி 4: கைப்பற்றிய அரிவாளும் கிராம நிர்வாக அலுவலரும்

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. ஆனால் எதிரி சொன்னதால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். 1946-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்த புலுகூரி கோட்டய்யா வழக்கிலிருந்து இதுதான் சட்டம். ‘கத்தியை வைக்கோற்போரில் வைத்தேன்’ செல்லும். ‘அந்தக் கத்தியால்தான் குத்தினேன்’ செல்லாது.

தமிழ்நாட்டுத் தீர்ப்புகளில் அடிக்கடி ஒரு காட்சி வரும். தேடப்படும் எதிரி, முன்பின் பழக்கமே இல்லாத கிராம நிர்வாக அலுவலரிடம் தானாக நடந்து போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். அலுவலர் எழுதி வாங்கிக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார். சில சமயம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அறிமுகமில்லாத ஒருவரிடம் போய் ஏன் சொன்னார் என்று நீதிபதிகள் கேட்டபடியே இருக்கிறார்கள், நீங்களும் கேளுங்கள்.

படி 5: ஆய்வக அறிக்கைக்கு மயங்காதீர்கள்

டி.என்.ஏ. என்றதும் வழக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் ஒரு ஜோடி கொல்லப்பட்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மாதிரிகள் யார் கையில், எங்கே, எப்படி இருந்தன என்ற தொடர்ச்சியில் குறை இருந்ததும் அதற்கு ஒரு காரணம். மாதிரியை எடுத்தது முதல் ஆய்வகம் போகும்வரை ஒவ்வொரு கைமாற்றமும் பதிவாக வேண்டும், 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர வேண்டும் என்று நாடு முழுமைக்குமான நெறிமுறையை அந்தத் தீர்ப்பே வகுத்தது. அறிக்கையின் முடிவைப் பார்க்குமுன் முத்திரை, தேதி, கையொப்பம் மூன்றையும் பாருங்கள்.

படி 6: அப்ரூவர்

குற்றத்தில் பங்கெடுத்துவிட்டு மன்னிப்புப் பெற்றுச் சாட்சி சொல்பவரை, மற்ற ஆதாரம் தாங்காமல் நம்புவது ஆபத்து. நமக்குத் தெரிந்த உதாரணம் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்துப்பட்ட அந்தப் பத்திரிகைக்காரர் மறுநாள் இறந்தார். அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது அப்ரூவரைத்தான். 1945-இல் குற்றம் சாட்டப்பட்ட நடிகர்கள் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. விவகாரம் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பியது. 1947-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஹேப்பல், சகாபுதீன் இருவரும் சாட்சியத்தை மறுபடி எடைபோட்டு அந்த நடிகர்களை விடுவித்தார்கள். அதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் போய்விட்டது. பாகவதரின் திரைவாழ்வு பிறகு எழவே இல்லை.

படி 7: எல்லா ஓட்டையும் ஐயமல்ல

இதுவரை படித்ததும் எந்த வழக்கையும் உடைத்துவிடலாம் என்ற துடிப்பு வரும். அதை அடக்குங்கள். புலன் விசாரணை மோசமாக நடந்ததற்காக மட்டும் விடுதலை கிடைக்காது. ஒரு விஷயத்தில் பொய் சொன்ன சாட்சி எல்லாவற்றிலும் பொய்யர் என்ற விதி இந்தியாவில் செல்லாது. உமியைப் புடைத்து நெல்லை எடுப்பது நீதிபதியின் வேலை. பிறழ்சாட்சி (தன்னை அழைத்த தரப்புக்கு எதிராக மாறியவர்) சொன்னதில்கூட நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம். சந்தேகத்தின் பலனை அளவுமீறிக் கொடுப்பதும் நீதியைக் கெடுக்கும் என்று 1973-இல் சிவாஜி சாஹப்ராவ் போபடே வழக்கில் உச்ச நீதிமன்றமே எச்சரித்தது. அரைகுறைக் கற்பனையில் முளைக்கும் சந்தேகம் ஐயமாகாது. பதிவேட்டிலிருந்து காட்ட முடிகிற காரணம் வேண்டும்.

விடுதலை, கொலைக்கான தண்டனை இரண்டுக்கும் நடுவில் இன்னொரு முடிவும் உண்டு. எதிரிதான் செய்தார் என்று நிரூபணமாகி, திடீர்ச் சண்டையில் நடந்தது என்று தெரிந்தால், கொலை என்ற நிலையிலிருந்து கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு (பாரதிய நியாய சன்ஹிதா 105, பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304) இறங்கலாம்.

வழக்கு உங்கள் வீட்டில் என்றால்

தீர்ப்பின் நகலையும் சாட்சியங்களின் நகலையும் உடனே வாங்குங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். செஷன்ஸ் நீதிமன்றத் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம். மரண தண்டனை என்றால் 30 நாள்.