பவழ அரணும் அமைதிக் கடலும்

கேரளக் கரைக்கு மேற்கே, அரபிக் கடலில் 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் இலட்சத்தீவுகள் அமைந்துள்ளன. 36 தீவுகளின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டரே. அவற்றைச் சார்ந்த காயற்பரப்போ சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். இங்குள்ள மினிக்காய் தீவின் துண்டிக் கடற்கரையும், கடமத் கடற்கரையும் 2022ஆம் ஆண்டில் ‘நீலக்கொடி’ என்னும் பன்னாட்டுத் தரச் சான்றினைப் பெற்றன. குடும்பத்துடன் வருவோர் சிறுவர்களை ஆழமற்ற காயலில் நீராட விடலாம்.

இவ்வமைதிக்குக் காரணம் யாது? அலைகள் கரையை எட்டுமுன் பவழப் பாறைகளில் மோதி வலுவிழக்கின்றன. நுண்ணிய பவழ உயிரிகள் சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பிய அரண் அது. அது தேய்ந்து பொடியானதே கரையின் வெண்மணல்.

கடல்நீரின் வெப்பம் மிகும்போது, பவழங்கள் தமக்கு உணவளிக்கும் பாசிகளை இழந்து வெளிறுகின்றன. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இங்கு இது நேர்ந்தது. வெளிறிய பவழம் மீள்வதுண்டு. ஆனால் அதற்குக் கால இடைவெளி தேவை. அரண் சிதைந்தால் அலைகள் நேரே கரையை அரிக்கும்.

குடிநீரும் அரிது. மழைநீர் மணலடியில், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவின்றி இறைத்தால் உவர் ஏறும். எனவேதான் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், 2005இல் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையத்தை அமைத்தது.

தீவுகளுக்குச் செல்ல முன் அனுமதி பெறுதல் வேண்டும். பவழத்தை மிதியாமலும், பறியாமலும், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தியும், கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொணர்ந்தும் ஒத்துழைப்பது பயணிகளின் கடமையாகும்.