மடக்குக் கத்தி சேர்க்கத் தொடங்குகிறவருக்கு

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவரின் கண் முதலில் பிடியில்தான் விழும். எலும்பா, கொம்பா, கருங்காலியா என்று பார்ப்போம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பத்துப் பன்னிரண்டு சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தபோது, பாதிக்கு மேல் ஒரே கத்திதான், பிடி மட்டும் வேறு என்பது தெரிந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் மூட்டைப் பாருங்கள் என்கிறேன். விரித்த அலகு எதனால் விரிந்தபடி நிற்கிறது? இதற்கு ஒவ்வொரு நாட்டுக் கொல்லரும் ஒரு விடை வைத்திருக்கிறார். விடைக்கு ஒன்றாக வாங்கினால் நான்கைந்து கத்தியே நல்ல சேகரிப்பு.

மிக எளிய விடை ஜப்பானுடையது. ஹியோகோ மாநிலத்தின் மிகி நகரில் 1890-களில் உருவான ஹிகோனோகாமிக்கு ஸ்பிரிங்கும் கிடையாது, பூட்டும் கிடையாது. மடித்த தகடுதான் பிடி. அலகின் பின்னால் சிறு வால்போல ஒரு நெம்பு நீண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வெட்ட வேண்டும். விரல்தான் பூட்டு. ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியது இதில்தான். 1960 அக்டோபரில் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமாவை மேடையிலேயே 17 வயது இளைஞன் குத்திக் கொன்றான். அது குறுவாள்தான், என்றாலும் பிள்ளைகள் கையில் கத்தியே வேண்டாம் என்ற இயக்கம் அதன்பின் வலுத்தது, மிகியின் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இன்று அந்தப் பெயரை முறையாகப் பொறிக்கும் உரிமையுடன் மிஞ்சியிருப்பது நாகாவோ குடும்பத்தின் பட்டறை ஒன்றே. விலை குறைவு, கூர் அபாரம். ஆனால் விரல் நழுவினால் அலகு மடங்கிவிடும். கைப்பழக்கம் இல்லாதவருக்கு இதை முதல் கத்தியாக நான் சொல்லமாட்டேன்.

முதல் கத்தி ஓபினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890-இல் செய்யத் தொடங்கியது. 1897-இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டு அளவுகள் வந்தன. உங்களுக்கு வேண்டியது எண் 8, அலகு எட்டரை சென்டிமீட்டர். உருளையான பீச் மரப் பிடி, அதன் தலைப்பில் ஒரு பூண். 1955-இல் அந்தப் பூண்மேல் சுழலும் வளையம் ஒன்று சேர்ந்தது. அலகை விரித்து வளையத்தைத் திருகிவிட்டால் கத்தி மடங்காது. மரம், அலகு, ஆணி, பூண், வளையம் என மொத்தமே ஐந்து பாகங்கள். ஈரம் பட்டால் மரம் உப்பி அலகு உள்ளே இறுகிக்கொள்ளும். இதைக் குறை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. சவோய்க்காரர்கள் வளையத்தைத் திறந்து, பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அலகின் முதுகு தானே வெளியே தலைநீட்டும்.

ஓபினெல் வாங்கும்போதே கார்பனா ஸ்டெயின்லெஸ்ஸா என்று முடிவு செய்ய வேண்டும். பழைய அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கியவர்களுக்குக் கார்பன் எஃகைப் பற்றி விளக்க வேண்டாம். மாங்காயும் எலுமிச்சையும் பட்டால் கறுக்கும், ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். ஆனால் சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறும். அந்தக் கறுப்பு துரு அல்ல. ஓரளவு துருவைத் தடுப்பதே அதுதான். சேகரிக்கிறவர் கார்பனைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கத்தியைப் பராமரிக்கக் கற்பிப்பது அதுதான். கடற்கரை ஊர்க்காரர், தினமும் துடைத்து வைக்கப் பொறுமை இல்லை என்றால் ஸ்டெயின்லெஸ் வாங்கலாம், தவறில்லை.

மூன்றாவது விடை முதுகு ஸ்பிரிங். பிடியின் முதுகோடு ஓடும் எஃகுப் பட்டை அலகின் அடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பூட்டு இல்லை, விரிக்கும்போதும் மடக்கும்போதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். நல்ல வேலைப்பாட்டைக் காதாலேயே அறியலாம். இந்த வகையில் அமெரிக்காவின் கேஸ் கத்திகள் தொடக்கக்காரருக்கு ஒரு பள்ளிக்கூடம். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்கிறார்கள். இவற்றில் டிராப்பரா, ஸ்டாக்மேனா என்று எல்லோரும் திணறுவார்கள். டிராப்பர், ரோமத்துக்காக விலங்கு பிடித்தவர்கள் தோலுரிக்க வைத்திருந்தது: நீண்ட அலகு இரண்டு. ஸ்டாக்மேன், மாட்டுப் பண்ணைக்காரர்களுடையது: மூன்று அலகு, அதில் முனை மழுங்கிய ஒன்று காயடிக்க. சட்டைப்பையில் அடங்குவது ஸ்டாக்மேன். ஆனால் மூன்று அலகை ஒரே பிடிக்குள் நெருக்கியதால் தீட்டுவது சிரமம். நான் டிராப்பர் பக்கம்.

கேஸ் கத்தியைப் படிக்கவும் முடியும். 6254 என்று பொறித்திருந்தால் 6 கொத்து வேலை செய்த எலும்புப் பிடி, 2 அலகின் எண்ணிக்கை, 54 டிராப்பர் வடிவம். 3254 என்றால் அதுவே மஞ்சள் பிடியில். 1970-இல் அலகின் அடியில் பத்துப் புள்ளி வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஏழு புள்ளி இருந்தால் 1973. பழைய கத்தி வாங்கும்போது விற்பவரின் கதையைவிட இந்தப் புள்ளிகளை நம்புங்கள்.

சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லோரும் அறிந்தது. இரண்டே ஸ்பிரிங்கில் ஆறு கருவிகளை நிறுத்தியது கார்ல் எல்சனரின் 1897-ஆம் ஆண்டுக் கத்தி. சிவப்புப் பிடியைவிட அலுமினியப் பிடி போட்ட பயனியர் சேகரிக்கத் தகுந்தது.

அழகில் எல்லாவற்றையும் மிஞ்சுவது லாயோல். தென்பிரான்சின் அவேரோன் பகுதியில் அந்தப் பெயருள்ள கிராமத்தில் 1829-இல் உருவானது. ஸ்பிரிங்கின் தலையில் ஒரு தேனீ. ஏமாறுவதும் இதில்தான் அதிகம். அது ஊரின் பெயரே ஒழிய ஒரு நிறுவனத்தின் பெயர் அல்ல என்பதால், யார் யாரோ அந்தப் பெயரைப் பொறித்து மலிவாக விற்கிறார்கள். நான் முதலில் வாங்கியதில் தேனீ தனியாகச் செய்து ஒட்டவைத்தது. ஒரு மாதத்தில் ஆட்டம் கண்டது. நல்ல வேலைப்பாட்டில் தேனீயும் ஸ்பிரிங்கும் ஒரே துண்டு எஃகு. பெயரைப் பார்க்காதீர்கள், செய்த பட்டறையையும் ஊரையும் கேளுங்கள். லாயோல் கிராமம் அல்லது தியேர் நகரம் என்று பதில் வந்தால் மேலே பேசலாம். மடக்கும்போது அலகைப் படாரென்று விடக்கூடாது, கூர் ஸ்பிரிங்கில் மோதி மழுங்கும்.

சேமிப்பில் இரண்டு எச்சரிக்கை. தோல் உறைக்குள் நாள்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரம் இழுத்து அலகை அரிக்கும். பழைய செல்லுலாய்டு பிடிகள் சிதையும்போது அமில வாயு விடும். அதன் பக்கத்தில் இருக்கும் கத்திகளும் துருப்பிடிக்கும். அவற்றைத் தனிப் பெட்டியில் வையுங்கள். மூட்டுக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். பிடியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஒருகாலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கும் ஜெர்மனிக்கும் பிடிபோட இங்கிருந்துதான் கடமான் கொம்பு போனது. இன்று இந்தியாவில் மான்கொம்பை வாங்குவதும் விற்பதும் குற்றம்; அந்தப் பிடி போட்ட கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வரிசை கேட்டால்: ஓபினெல் எண் 8, கார்பன் அலகு. ஆறு மாதம் அதில் பழம் நறுக்கி, பென்சில் சீவி, நீங்களே தீட்டிப் பழகுங்கள். பிறகு ஹிகோனோகாமி. அப்புறம் மஞ்சள் பிடி டிராப்பர். லாயோலுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு காத்திருங்கள். மலிவான லாயோல் வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது மேல்.